சோடா மூடி மெடல்

சைரன் அலறுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. ஓடுகிறோம். ஜெசி என் இடுப்பில். அவளைச் சுற்றி ரஜாய், பஞ்சுப் போர்வை. என் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. புல்லில் பனி. பாதம் மரத்துப்போகிறது.

"பத்தீ புஜாவோ! அரே, மூணாவது மாடி! பத்தீ!"

விளக்கை அணைக்கச் சொல்லி வார்டன் கத்துகிறார். விசில். எங்கோ ஒரு ஜன்னல் படாரென்று மூடுகிறது. அதோடு காலனி முழுக்க இருட்டு.

பதுங்குகுழியில் குதிக்கிறேன். யாரோ என் கையைப் பிடித்து இறக்குகிறார்கள். ஈரமண் வாசனை. முப்பது பேர் நிற்க வேண்டிய குழியில் ஐம்பது பேர். குழந்தைகள் அழுகிறார்கள். முதலில் ஒன்று. பிறகு எல்லாம்.

1971. டிசம்பர் ஆறு. திங்கள். பொழுது சாய்ந்த நேரம். டெல்லி, சரோஜினி நகர், அரசாங்கக் குடியிருப்பு.

என் பெயர் கிரேஸ். அப்போது இருபத்தாறு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். என் கணவர் ஞானதாஸ் ராணுவத்தில் நாயக். மேற்கு எல்லையில் இருந்தார். நானும் நான்கு வயது ஜெசியும் என் அண்ணன் தேவராஜின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அண்ணனுக்கு மந்திரி அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை. மதினியின் பெயர் ரோஸ்லின்.

மூன்றாம் தேதி மாலை பாகிஸ்தானோடு போர் தொடங்கியது. ஆக்ரா வரை விமானம் வந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத்தாள் ஒட்டினோம். ஸ்கூட்டர் விளக்குகளுக்குப் பாதிக் கறுப்பு அடித்தார்கள். பூங்காவில் குழி வெட்டினார்கள். சங்கு ஊதினால் குழிக்கு ஓடினோம். டெல்லியில் குண்டு விழவில்லை. அது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியாது.

குழியின் மறுகோடியில் கணேசன் சார் தொண்டையைக் கனைக்கிறார். அடுத்த பிளாக்காரர். திருச்சிக்காரர். செக்‌ஷன் ஆபீசர். மிமிக்ரி செய்வதில் கெட்டிக்காரர். காலனியில் பொங்கல் விழா என்றால் மேடையில் அவர்தான்.

"குழந்தைகளா, அழக்கூடாது. எதிரி ஜெனரல் வர்றான், வழி விடுங்க!"

டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் போடுகிறார். டிண். டிண். டிண். அன்று மதியம் ஆபீசில் கட்டியதாம், பாடுகிறார்.

*சோடா மூடி எத்தனை?*
*ஜெனரல் நெஞ்சில் அத்தனை!*
*ஓடினதுக்கு ஒரு மெடல்,*
*ஒளிஞ்சதுக்கு ஒரு மெடல்,*
*பேண்ட் அவுந்ததும் புடிச்சுக்கிட்டு*
*பறந்ததுக்குப் பெரிய மெடல்!*

ஒரு குழந்தை அழுகையை நிறுத்துகிறது. இன்னொன்று சிரிக்கிறது. பெரியவர்களும் சிரிக்கிறார்கள். பயத்தில் இறுகிப் போயிருந்த குழி கொஞ்சம் தளர்கிறது. அதை மறுக்க மாட்டேன். நடந்ததைத்தானே சொல்ல வேண்டும்.

உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. அடுத்த அடியையும் எடுக்கிறார்.

*செத்துப் போனா ஸ்பெஷல் மெடல்,*
*பீபி பேருக்குப் பார்சல் மெடல்,*
*பூரியை வட்டமா வெட்டிக்கலாம்,*
*அச்சா அச்சா அந்த மெடல்!*

இதற்குத்தான் பெரிய சிரிப்பு. பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். ஜெசி ரஜாய்க்குள்ளிருந்து தலையை நீட்டி, "அச்சா அச்சா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பீபி என்றால் மனைவி. பார்சலை வாங்குகிற ஒருத்தி என் கண்ணில் வந்து நின்றாள். முகம் தெரியவில்லை. பக்கத்திலிருந்த மதினியிடம், "இதென்ன மதினி பாட்டு?" என்றேன். "சும்மா இரி. பிள்ளைங்க சிரிக்குதுல்லா" என்றாள்.

நேர்ச் சங்கு ஊதியது. ஆபத்து இல்லை. ஏறி வெளியே வந்தோம்.

அந்த நேரத்தில் என் கணவர் செத்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ஐந்தாம் தேதி விடியலில். எனக்குத் தெரியாது. அந்தக் குழியில் யாருக்கும் தெரியாது.

*

தந்தி வெள்ளிக்கிழமை வந்தது. நான் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சைக்கிள் நிறுத்துகிற சத்தம். ஸ்டாண்டு தரையில் உரசுகிற சத்தம். அண்ணன் வாங்கினான். படித்தான். மறுபடி படித்தான். என்னிடம் தரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, தா."

"இரி கிரேஸு. முதல்ல உக்காரு."

உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன்.

உடல் வராது என்றார்கள். அங்கேயே அடக்கம் ஆகிவிட்டது. ஜெபம் சொல்ல ஆள் இருந்ததா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தார்கள். முன் அறையில் ஜமுக்காளம் விரித்தோம். அண்ணனின் ஆபீஸ்காரர்கள், சபையார், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், காலனிப் பெண்கள். கணேசன் சாரும் வந்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அது பொய் இல்லை.

போதகர் ஜெபிக்கிறார். எல்லோரும் தலை குனிந்திருக்கிறார்கள். வெளியே வராந்தாவில் டிண், டிண் என்று தட்டுகிற சத்தம். ஜெசி உள்ளே வருகிறாள். கையில் அலுமினியத் தட்டும் கரண்டியும்.

"செத்துப் போனா ஸ்பெஷல் மெடல், பீபி பேருக்குப் பார்சல் மெடல்..."

போதகர் நிறுத்தினார். குழந்தை அறையின் நடுவில் நின்று பூரி அடி வரை பாடி முடித்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றதும் அவளுக்குச் சந்தோஷம். குழியில் தினமும் இந்தப் பாட்டுக்குக் கைதட்டுவார்கள். இங்கே தட்டவில்லை. ஏன் என்று என்னைப் பார்த்தாள்.

ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில் தெரிந்தது. அது அழுகை இல்லை.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் முகம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

மதினி எழுந்து ஜெசியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கணேசன் சார் ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கிளம்பறேன் தேவராஜ்" என்று எழுந்தார்.

*

பதினாறாம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கிலும் துப்பாக்கி ஓய்ந்தது. தெருவெல்லாம் வெடி. லட்டு. நான் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தேன். லீவு தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். ரயில் ரயிலாகக் காயம்பட்டவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து நான் என்ன செய்வது?

எங்கள் வார்டில் ஒரு தமிழ்ப் பையன். லான்ஸ் நாயக் முத்தையா. சாத்தூர்ப் பக்கம். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கட்டு மாற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா" என்றான். நான் "பொறுத்துக்கங்க தம்பி, முடிஞ்சுது" என்றேன். கண்ணைத் திறந்தான்.

"தமிழா சிஸ்டர்? வீட்டுக்காரர் என்ன செய்றாரு?"

பெயரைச் சொன்னேன். பட்டாளத்தைச் சொன்னேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு என்னை சிஸ்டர் என்று அவன் கூப்பிடவில்லை. அக்கா என்றான்.

மூன்றாம் முறை கட்டு மாற்றும்போது, நான் கேட்காமலே சொன்னான்.

"கால்வா கரையில இருந்தோம்க்கா. மூணு தடவை வந்தாங்க. முதல் தடவை அடிச்சு நிப்பாட்டினோம். ரெண்டாவது தடவையும். ஞானதாஸ் அண்ணன்தான் எல்.எம்.ஜி. மெஷின் கன்ல இருந்தாரு. மூணாவது தடவை விடியற நேரம். கம்பி வேலிக்கே வந்துட்டாங்க."

"பயந்து ஓடலையா?"

எதற்காக அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. அந்தப் பாட்டு என் மண்டைக்குள் இருந்திருக்க வேண்டும்.

"யாரு? அவனுங்களா?" என்னையே பார்த்தான். "ஒருத்தன்கூட ஓடலைக்கா. விழுந்தவன் மேல ஏறி வந்தானுங்க. முன்னால வந்த ஆபீசருக்கு மீசைகூட சரியா முளைக்கலை. கம்பியில மாட்டிக்கிட்டும் கையைக் காட்டி ஆளுங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். அண்ணனைச் சுட்டதும் அந்தக் கூட்டம்தான். அவனை அடிச்சதும் அண்ணன்தான்."

கட்டு போட்டு முடித்தேன். பின்னைக் குத்தினேன். அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அந்த வாரம் கல்லூரி மாணவர்கள் வார்டுக்கு வந்தார்கள். ஹார்மோனியம், டோலக். கம்பளி மப்ளர்கள். காயம்பட்ட ஜவான்களை மகிழ்விக்க வந்தார்களாம். இந்தியில் ஒரு பாட்டு. மெட்டு கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே பாட்டு. ஆபீஸ் ஆபீசாகப் போய் இந்தியாகி வந்திருந்தது. டீன் கா தம்கா, டீன் கா தம்கா. தகர மெடல், தகர மெடல். ஒருவன் மார்பில் சோடா மூடிகளைக் கோத்து மாட்டிக்கொண்டு கட்டில்களுக்கு நடுவே நொண்டி நொண்டி ஓடிக் காட்டினான்.

நொண்டி. அந்த வார்டில்.

யாரும் சிரிக்கவில்லை. ஓரத்துக் கட்டிலில் ஒரு ஹரியானாக்காரர். இரண்டு கையிலும் கட்டு. முழங்கையால் மேஜையைத் தள்ளினார். எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. நீண்ட நேரம் உருண்டது அந்தச் சத்தம்.

"பந்த் கரோ! ஹம் லடே ஹைன் உன்ஸே. தும் நஹீன்!"

நிறுத்துங்கடா. அவர்களோடு சண்டை போட்டது நாங்கள். நீங்கள் இல்லை. பையன்கள் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலில் ஒருவன், "மூட் சரியில்லை போல" என்றான். முத்தையா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

*

ஜனவரியில் காலனிச் சங்கத்தார் வெற்றி விழா வைத்தார்கள். பூங்காவில் ஷாமியானாப் பந்தல். குழிகளை மூடி மேடை போட்டார்கள். போரில் உயிர்நீத்த வீரரின் மனைவிக்குப் பொன்னாடை என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டு, பிறகு வந்து என்னைக் கேட்டார்கள். எனக்கு விருப்பமில்லை. அண்ணன், "ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போ. நாலு பேரு மதிக்கிறாங்கல்லா" என்றான்.

முதல் வரிசை. வெள்ளைப் புடவை. மடியில் ஜெசி. பேச்சு. பேச்சு. பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல். உட்கார்ந்தேன். அடுத்து நகைச்சுவை நிகழ்ச்சி என்றார்கள்.

மேடையில் கணேசன் சார் மைக்கோடு. பின்னால் ஒரு இளைஞன் எதிரி ஜெனரல் வேஷத்தில். நெஞ்சிலிருந்து இடுப்பு வரை சோடா மூடிகள். நடக்கும்போது கலகலவென்று சத்தம். கூட்டம் அவனைப் பார்த்ததுமே விழுந்து விழுந்து சிரித்தது.

சோடா மூடி எத்தனை. கூட்டம் கூடவே பாடியது. எல்லோருக்கும் பாடம். எனக்குத் தெரியும், அடுத்து எந்த அடி வரும் என்று. அவருக்கும் தெரியும். நான் முதல் வரிசையில் இருப்பதும் தெரியும். விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

விடவில்லை. "செத்துப் போனா" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஜெசியை மதினி மடியில் வைத்தேன். படியேறினேன். பொன்னாடை கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"நிறுத்துங்க சார்."

தபலா நின்றது. மைக் கிறீச்சிட்டது.

"என்னம்மா? உடம்புக்கு ஏதாவது..."

"அந்த அடியை என்னைப் பாத்துப் பாடுங்க."

"ஐயோ, அம்மா. இது அவங்களைப் பத்தின பாட்டு. வெறும் தமாஷ். நம்ம ஆளுங்களைப் போய்ச் சொல்லுவேனா?"

"அவங்க ஓடினாங்களா?"

"அம்மா, கூட்டத்துல..."

"ஓடினாங்கன்னா எங்க வீட்டுக்காரரைக் கொன்னது யாரு சார்? ஓடுறவன் முதுகைக் காட்டிக்கிட்டா சுட்டான்? பேண்டைப் புடிச்சுக்கிட்டு ஓடுறவன்கிட்டயா அவரு செத்தாரு? அவ்வளவு லேசான சாவா அது?"

என் குரல் மைக்கில் போய்க்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. வேஷக்காரப் பையன் கையால் மூடிகளை மறைத்துக்கொண்டான்.

"அவங்க ஊர்லயும் ஒருத்தி இருக்கா. அவளும் பார்சல் வாங்குவா. எனக்கும் மெடல் வரும்னு சொல்றாங்க. நானும் அதுல பூரி வெட்டணுமா? சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"எதிரிக்குப் பரிஞ்சு பேசுறா பாரு!"

இன்னொரு குரல் இந்தியில். "கத்தார்! பாகிஸ்தான் பேஜோ இஸ்கோ!"

துரோகி. அவளைப் பாகிஸ்தானுக்கு அனுப்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் எனக்குக் கைதட்டிய கைகள். நாற்காலிகள் நகர்ந்தன. அண்ணன் மேடையேறி என் தோளைப் பிடித்து இறக்கினான்.

*

மறுநாள் காலை எங்கள் கதவில் கரியால் எழுதியிருந்தது. அதே வார்த்தை. கத்தார். அண்ணன் கதவைத் திறக்காமலே நின்றான்.

"கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்ல இருக்கோம் கிரேஸு. ஆபீஸ்ல கேப்பாங்க. உனக்கு வாயை அடக்க முடியலையா?"

மதினி வாளியில் தண்ணீர் எடுத்தாள். கதவைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அழுக்குத் தண்ணீர் வாளியோடு நடுத்தெருவில் போய் நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"எவம்ல எழுதுனது? ஆம்பளையா இருந்தா வெளிய வால! புருஷனைக் குடுத்தவ துரோகி, லட்டு தின்னவன் தியாகியோ?"

ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றிலிருந்து அண்ணனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆபீசில் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "என் தங்கச்சி சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டு வந்தான். எங்களிடம் சொல்லவில்லை. ரொம்பக் காலம் கழித்து மதினி சொல்லித்தான் தெரியும்.

ஜெசியோடு விளையாட வேண்டாம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். அவள் வராந்தாவில் தனியாக விளையாடினாள்.

அந்த வருஷமே மெடல் வந்தது. கன்டோன்மெண்டில் மைதானம். வெயில். பேண்டு. விதவைகளை ஒரு வரிசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு சீக்கியக் கிழவர், மகனுக்காக வந்தவர். ஒவ்வொரு பெயருக்கும் ஒலிபெருக்கியில் இந்தியில் விவரம் வாசித்தார்கள்.

நாயக் ஞானதாஸ். எழுந்தேன். ஒலிபெருக்கி சொன்னது: துஷ்மன் கே பீஷண் ஹம்லே. எதிரியின் கடுமையான தாக்குதல்கள். ஒன்றல்ல, பல. எதிரி அஞ்சாமல் முன்னேறியபோதும் இடத்தைவிட்டு அகலாமல். மைதானம் முழுக்கக் கேட்டது. யாரும் துரோகி என்று கத்தவில்லை. அதிகாரிகள் விறைப்பாக நின்றார்கள்.

நான் மேடையில் சொன்னதைத்தான் அரசாங்கம் சொன்னது. பேண்டு வைத்துச் சொன்னது.

அன்று மாலை கணேசன் சார் வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி. இன்னும் இரண்டு மூன்று பேர் கூட.

"நம்ம காலனிக்கே பெருமைம்மா. மெடலைக் கொஞ்சம் காட்டுங்க, கண்ணுல ஒத்திக்கறோம்."

நான் காட்டவில்லை.

"உங்களுக்கு நல்லா இந்தி வருமே சார். பீஷண் ஹம்லான்னா என்ன?"

"கடுமையான தாக்குதல்."

"யாரு தாக்கினது?"

ஸ்வீட் பெட்டியை மறு கைக்கு மாற்றினார்.

"சொல்லுங்க."

"எதிரி."

"ஓடினவனா?"

கூட வந்தவர்கள் படியிறங்கிவிட்டார்கள். அவர் மட்டும் நின்றார். ஸ்வீட் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு பம்பாய்க்கு மாற்றலாகிப் போனார். இறந்துவிட்டார் என்று கேள்வி. எனக்குக் கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று சபையில் சொல்கிறார்கள். போகவில்லை.

இதை எழுதும்போது 1985. பக்கத்து மைதானத்தில் சிறுவர்கள் ரப்பர் பந்து விளையாடுகிறார்கள். மறுபடி ஒரு போர் வந்தால் மறுபடி ஒருவர் குழிக்குள் பாட்டுக் கட்டுவார். அதற்காகத்தான் எழுதுகிறேன். இழந்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாயக் ஞானதாஸ். இருபத்தொன்பது வயது. கல்லறை எங்கே என்று தெரியாது.

அந்தக் கரையில் அவரோடு செத்த ஐந்து பேர். முத்தையா பெயர் பெயராகச் சொன்னான். ஒவ்வொரு டிசம்பரிலும் ஜெபத்தில் சொல்கிறேன்.

முத்தையாவின் இடது கால். சாத்தூரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறான்.

கம்பியில் மாட்டிய அந்த ஆபீசர். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள். எண்ண ஆரம்பித்ததாகவும் பாதியில் விட்டுவிட்டதாகவும் முத்தையா சொன்னான். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரிந்திருக்கும்.

சரோஜினி நகரில் எனக்கிருந்த சிநேகிதிகள். எல்லோரும்.

ஜெசிக்கு இப்போது பதினெட்டு. அந்தக் குளிர்காலத்திலிருந்து அவளுக்கு நினைவிருப்பது அந்தப் பாட்டு மட்டும்தான். அவள் அப்பாவின் குரல் நினைவில் இல்லை.